நெய் டின்

ஆமத்தூரில் எங்கள் எதிர்வீட்டு அண்ணாச்சி முப்பது வருஷம் பட்டாசு ஆலைகளில் போர்மேனாக இருந்து ஓய்ந்தவர். சினிமாவில் அவருக்கு அவ்வளவாகப் பற்றுக் கிடையாது. யுத்தப் படம் என்றால் மட்டும் வந்து உட்காருவார். கதைக்காக அல்ல, வெடிகளுக்காக. "இது பெட்ரோலு", "இது வெறும் தூசி, மருந்தே இல்ல" என்று ஒவ்வொன்றுக்கும் மார்க் போடுவார். அவரிடம் தேறிய டைரக்டர்கள் மிகச் சிலர்.

'பிப்பா' என்ற இந்திப் படத்தை அவரோடுதான் பார்த்தேன். ராஜா கிருஷ்ண மேனன் டைரக்ட் செய்தது. 2023 நவம்பரில் கொட்டகைப் பக்கமே போகாமல் அமேசான் பிரைம் வழியாக நேரே வீட்டுக்குள் வந்துவிட்டது. முக்கால்வாசிப் படம் ஓடும் வரை அண்ணாச்சி ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்: "தம்பி, இம்புட்டு மருந்தையும் ஆளையும் ஒரே ரூம்லயா வச்சிருக்காக?"

நான் இந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல நினைத்ததெல்லாம் அந்தக் கேள்வியைச் சுற்றியே வருகிறது. முதலில் படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

1971-ல் டிசம்பர் 3-ஆம் தேதி யுத்தம் முறைப்படி தொடங்குவதற்கு முன்பே, நவம்பர் 20, 21 தேதிகளில், கிழக்குப் பாகிஸ்தான் எல்லைக்குள் கரீப்பூர் என்ற இடத்தில் ஒரு சண்டை நடந்தது. 14 பஞ்சாப் பட்டாளமும் அதற்குத் துணையாக 45-ஆவது கவல்ரியின் பதினாலு டாங்கிகளும் உள்ளே போய் நின்றன. எதிரே வந்தவை பாகிஸ்தானின் சாஃபி டாங்கிகள். காலை மூடுபனிக்குள் நடந்த அந்தச் சண்டையில் சாஃபிப் படை அநேகமாக முழுவதும் அழிந்தது. நமது ஸ்குவாட்ரன் தலைவர் மேஜர் தல்ஜீத் சிங் நாரங் கொல்லப்பட்டார். மறைவுக்குப் பின் அவருக்கு மகாவீர் சக்கரம் கொடுத்தார்கள். அவருக்குப் பின் பொறுப்பேற்றவர் காப்டன் பல்ராம் சிங் மேத்தா. பிற்காலத்தில் பிரிகேடியரான மேத்தா தாமே எழுதிய புத்தகம்தான் படத்துக்கு மூலம். அவர் வேஷத்தில் நடித்திருப்பவர் இஷான் கட்டர்.

நமது வண்டி ரஷ்யர்கள் செய்த பி.டி.-76. தண்ணீரில் மிதந்து போகும். காலி நெய் டின்னைக் கிணற்றில் போட்டால் எப்படி மிதக்குமோ அப்படி மிதப்பதால் நம் சிப்பாய்கள் அதற்கு வைத்த செல்லப் பெயர் 'பிப்பா'. எனக்கு இந்தப் பெயர் மிகவும் பிடித்திருந்தது. 1916-ல் பிரான்சில் சோம் போர்க்களத்தில் முதல் முதலாக இந்த யந்திரத்தை இறக்கிய ஆங்கிலேயர்கள், ரகசியம் வெளியே போகாமலிருக்க அதைத் தண்ணீர்த் தொட்டி என்று சொல்லி வைத்தார்கள். அந்தப் பொய்யே உலகமெங்கும் நிலைத்து நமக்கும் 'டாங்கி' ஆகிவிட்டது. ஐம்பத்தைந்து வருஷம் கழித்து நம் ஆட்கள் அதே ஜாதி வண்டியை மறுபடி ஒரு பாத்திரத்தின் பெயரால் கூப்பிட்டிருக்கிறார்கள். இவர்கள் சொன்னது பொய்யல்ல. கேலியும் பிரியமும் கலந்த உண்மை.

நெய் டின்னின் தகரம் மெல்லியது. மெல்லியதாக இருப்பதால்தான் மிதக்கிறது. பி.டி.-76-ன் எடை சுமார் 14 டன். அதன் இரும்பு மிகத் தடித்த இடத்திலும் சுமார் இரண்டு சென்டிமீட்டர்தான். அதற்கு மேல் தடிப்பு வைத்தால் ஆற்றில் இறங்கியதும் அடியில் போய் உட்கார்ந்துவிடும். வங்காளம் போன்ற ஆறும் சதுப்புமான தேசத்துக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி இல்லை. எதிரி டாங்கிக்கு முன்னால் நிற்பதற்கு இதைவிட மோசமான வண்டியும் இல்லை. ஒரே குணம் அதற்குப் பலமாகவும் ஆபத்தாகவும் இருக்கிறது. நாவல் எழுதுகிறவனுக்கு இப்படி ஒரு பாத்திரம் கிடைத்தால் விடமாட்டான்.

படம் இதில் பாதியைத்தான் எடுத்துக்கொண்டது. ஆரம்பத்தில் மேத்தா கட்டளையை மீறி வண்டியை ஆழத்துக்குள் விடுகிற காட்சி நன்றாக இருக்கிறது. மிதக்கும் சந்தோஷம் நமக்கும் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் தகரத்தின் மெலிவு படத்தில் எங்கும் பயமாக மாறவில்லை. அண்ணன், தங்கை, வீட்டுச் சண்டை, பிறகு தேசம் என்று கதை நாலு திசையில் இழுபடுகிறது. அந்த நேரத்தை வண்டிக்குள் செலவிட்டிருக்கலாம்.

என் பெரிய குறை இதுதான்: காமிரா நிற்கிற இடம். சண்டையை நாம் வெளியிலிருந்தும் உயரத்திலிருந்தும் பார்க்கிறோம். யார் எங்கே இருக்கிறார், குண்டு எங்கிருந்து வருகிறது என்பதெல்லாம் நமக்குத் தெரிகிறது. உள்ளே இருக்கும் மூன்று பேருக்கோ அது தெரியாது. ஓட்டுகிறவன் முன்னால் தனியாக ஒடுங்கிக் கிடக்கிறான். மேலே சுழலும் கூண்டில் இரண்டு பேர். ஒருவன் குண்டு எடுத்துப் போடுகிறவன், மற்றவன் தலைவன். அந்த வண்டியில் தலைவனே குறிபார்த்துச் சுடவும் வேண்டும். பீரங்கியின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் மற்ற மூன்று திசையும் போயிற்று. மற்ற திசைகளைப் பார்க்கப் போனால் பீரங்கி போயிற்று. போதாததற்கு மூடுபனி. நாரங் ஏன் தலையை வெளியே நீட்டிக்கொண்டு நின்றார் என்பதற்கு வீரம் என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். வீரம்தான். ஆனால் உள்ளே இருந்தால் ஒன்றுமே தெரியாது என்பதும் அந்தப் பதிலில் சேர்ந்தது. எதிரியின் யந்திரத் துப்பாக்கி அவர் உயிரைக் கொண்டுபோனது. படம் அவருடைய சாவைக் காட்டுகிறது. அவரை வெளியே எழுந்து நிற்க வைத்த அந்தக் குருட்டுத்தனத்தை நம்மை ஒரு நிமிஷம்கூட அனுபவிக்க விடவில்லை. ஐந்து நிமிஷம் காமிராவை உள்ளே அடைத்துவிட்டு, வெறும் எஞ்சின் சத்தத்தையும் வெள்ளைப் பனியையும் காட்டியிருந்தால் போதும்.

சாஃபிகள் எரிகிற காட்சிக்கு அண்ணாச்சி மார்க் போடவில்லை. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அது விளையாட்டுப் பார்வையாக முடியாது. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அன்றைக்கு எழுந்த புகையைப் பார்த்தவர்கள் எங்கள் பக்கத்தில் ஏராளம். மருந்து அறை என்றால் சின்னதாக இருக்க வேண்டும், ஆள் நாலு பேருக்கு மேல் கூடாது, கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், ஓர் அறைக்கும் மறு அறைக்கும் இடைவெளி வேண்டும் என்பதெல்லாம் இங்கே சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். டாங்கி அதற்கு நேர் எதிரானது. பி.டி.-76-ல் நாற்பது குண்டு, கூடவே டீசல், கூடவே மூன்று பேர். சாஃபியில் நாற்பத்தெட்டுக் குண்டு, பெட்ரோல், நாலைந்து பேர். அது 1944 கடைசியில் ஐரோப்பாவில் போர்முனைக்கு வந்த வண்டி. கரீப்பூரில் வந்து எரிந்தபோது கிட்டத்தட்ட இருபத்தேழு வயது, உள்ளே இருந்த சில பையன்களைவிட மூத்தது. படத்தில் அது ஆரஞ்சு நிறமாக, அழகாக வெடிக்கிறது. உள்ளே இருந்தவர்கள் யாரும் நமக்கு அறிமுகமாகவில்லை.

மேத்தா தம் புத்தகத்துக்கு வைத்த பெயர் 'எரியும் சாஃபிகள்' என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பு. வென்றவர் தம் கதைக்குத் தோற்றவனுடைய வண்டியின் பெயரை வைத்திருக்கிறார். படக்காரர்கள் அதை மாற்றி நம் வண்டியின் பெயரை வைத்தார்கள். வியாபாரத்துக்கு அது நல்ல பெயர் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்தப் பெயர் மாற்றத்திலேயே படம் எந்தப் பக்கம் பார்க்கப் போகிறது, எந்தப் பக்கம் பார்க்கப் போவதில்லை என்பது தீர்மானமாகிவிட்டது.

இதைவிடப் பெரிய பாவங்கள் செய்த படங்கள் உண்டு. 1997-ல் வந்த 'பார்டர்' லோங்கேவாலாச் சண்டையைக் காட்டும்போது நம் தரப்பில் சரமாரியாகச் சாகடித்தது. உண்மையில் அங்கே செத்தவர்கள் இரண்டு பேர். படத்தில் வீர மரணம் அடைகிற பைரோன் சிங் ராத்தோர் நிஜத்தில் 2022 டிசம்பர் வரை உயிரோடிருந்தார். தம் சாவைத் தாமே கொட்டகையில் பார்க்க நேர்ந்த மனிதரைப் பற்றி ஒரு சிறுகதை எழுதலாம். 'பிப்பா' அந்த அளவுக்குப் போகவில்லை.

இத்தனையும் வடக்கத்திச் சமாசாரம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. 1965 முதல் ஆவடியில் விஜயந்தா டாங்கி செய்தார்கள். பிறகு ரஷ்ய மாதிரியான டி-72. அதிலும் மூன்று பேர்தான். அவர்கள் காலடியில் தட்டுப்போல வட்டமாகக் குண்டுகள். உக்ரேன் யுத்தத்தில் 2022-ல் இந்த ஜாதி டாங்கிகளின் கூண்டுகள் பிய்த்துக்கொண்டு ஆகாயத்தில் பறந்ததை எல்லோரும் செல்போனில் பார்த்தோம். மருந்தையும் ஆளையும் பிரிக்க வேண்டும் என்ற எங்கள் ஊர்ப் புத்தி டாங்கி செய்கிறவர்களுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்திருக்கிறது. 1944-ல் அமெரிக்கர்கள் ஷெர்மன் டாங்கியில் குண்டு அடுக்கைச் சுற்றித் தண்ணீர் நிரப்பினார்கள். 1980-ல் வந்த ஏப்ராம்ஸில் குண்டுகளைத் தனி அறையில் அடைத்து, வெடித்தால் மேல் கூரை பிய்ந்து நெருப்பு வெளியே போகும்படி வைத்தார்கள்.

இதையெல்லாம் அண்ணாச்சிக்குச் சொன்னேன். நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"இந்த நெய் டின்னுக்குக் கதவு எங்க?"

ஓட்டுகிறவனுக்குத் தனி மூடி. மேலே இருக்கிற இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பெரிய மூடி, முன்பக்கமாகத் தூக்கித் திறப்பது என்றேன். படத்தைப் பின்னால் தள்ளி அந்த இடத்தை நிறுத்திக் காட்டச் சொன்னார். காட்டினேன். எழுந்து டெலிவிஷன் பக்கத்தில் போய் நின்று, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அந்த மூடியையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.