பூலாவ் ரிந்திஸ் அணியில் கோபாலின் ஆட்டம்

ஓர் அணியின் ஆட்டத்தை அளவிட முனைகிறவன், பந்தை வலைக்குள் செலுத்தியவனுடைய பெயரை மட்டும் குறித்துக்கொண்டு எழுந்துவிடுவானாகில், அவன் பார்த்தது பாதி ஆட்டமே ஆகும். 1980-ஆம் ஆண்டு ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கத்தில் தென் கொரியாவை 2-1 என்று வென்று மலேசியா மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற ஆட்டத்தைப் பற்றிக் கிள்ளான் தேநீர்க் கடைகளில் பேச்சு எழும்போதெல்லாம், வெற்றிக் கோலை அடித்த ஜேம்ஸ் வோங்கின் பெயரோடு, பின்னால் வலையைக் காத்து நின்ற ஆர். ஆறுமுகத்தின் பெயரும் கூடவே எழுகிறது. அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்த நாடுகளோடு நாமும் சேர்ந்துகொண்டமையால் அணி மாஸ்கோவுக்குப் போகவில்லை. ஆறுமுகமும் 1988-இல் ஒரு சாலை விபத்தில் நம்மைவிட்டு மறைந்தார். ஆயினும் நீண்ட கரங்களுக்காக 'ஸ்பைடர்மேன்' என்று இனபேதமின்றி இந்நாடே கொண்டாடிய அந்தத் தமிழரின் ஸ்தானம் அணுவளவும் குறையவில்லை.

அவரை நினைத்துக்கொண்டே இந்த வாரம் நான் அலச எடுத்துக்கொள்வது, பள்ளி விடுமுறைக்கு என் வீட்டுக்கு வந்திருந்த பேரனோடு பாயில் அமர்ந்து முதற்பகுதியிலிருந்து மறுபடியும் பார்த்த 'போபோய்போய்' என்னும் விஞ்ஞானக் கற்பனைத் தொடரை. நிசாம் ரசாக்கும் அவருடைய சகாக்களும், 'உப்பின் இப்பின்' தொடரைத் தயாரித்த நிறுவனத்திலிருந்து வெளியேறி, 2009-இல் அனிமோன்ஸ்தா என்னும் சொந்தக் கூடத்தை அமைத்து, 2011 மார்ச்சில் டிவி3 வாயிலாக வெளிக்கொணர்ந்த இச்சித்திரத் தொடர், மூன்று பருவங்கள் ஓடி, 2016 நவம்பரில் 'போபோய்போய் கேலக்ஸி' என்ற பெயரோடு விண்வெளிக்குத் தாவி, 2019-இல் இரண்டாவது திரைப்படமாக வந்தபோது ஏறத்தாழ மூன்று கோடி வெள்ளி வசூலித்தது. சைபர்ஜெயாவில், நம் அண்டையிலேயே, நம் பிள்ளைகளுக்காகப் படைக்கப்பட்டு இத்தனை பேரால் பார்க்கப்பட்ட ஒரு சிருஷ்டியைப் பற்றித் தமிழ்ப் பத்திரிகையில் இரண்டு பத்தியேனும் எழுதப்பட வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

கதையின் மூலம் எளியது. தாத்தா தோக் அபாவோடு விடுமுறையைக் கழிக்கப் பூலாவ் ரிந்திஸ் என்னும் கற்பனை ஊருக்கு ரயிலேறி வரும் சிறுவன் போபோய்போய். வேற்றுக் கிரகத்திலிருந்து வந்திறங்கும் சதுரத்தலையன் அடு டு. அவன் பூமியில் தேடும் பொருள் பொன்னுமன்று, எண்ணெயுமன்று, கொக்கோ. கொக்கோவே பேரண்டத்தின் அரிய சக்திமூலம் என்னும் இந்தக் கற்பனையைக் கண்டபோது என் நெஞ்சு ஒரு கணம் பின்னோக்கி ஓடிற்று. சிலாங்கூர்க் கரையோரத் தென்னந்தோட்டங்களில் கொக்கோவை ஊடுபயிராக வைத்திருந்த காலத்தில், மழுங்கிய கத்தியால் காயைத் தட்டிப் பிளந்து, வெண்சதை சூழ்ந்த வழுவழுப்பான விதைகளை விரலால் வழித்தெடுத்து, பெட்டியில் புளிக்கவிட்டு, பின் வெயிலில் பரப்பியவர்களுள் என் தாயாரும் ஒருவர். சோறு பிசைந்து ஊட்டும்போதுகூட அவருடைய விரல்களில் அந்தப் புளித்த வாடை இருக்கும். எங்கள் தோட்டத்துக்காரர்கள் நாட்கூலிக்குப் புடைத்துக் காயவைத்த பொருளுக்காக ஒருவன் நட்சத்திரங்களைக் கடந்து வருகிறான் என்று கதை கட்டிய மூளைக்கு முதலில் ஒரு நமஸ்காரம்.

இனி ஆட்டத்துக்கு வருவோம். ஓச்சோபோட் என்னும் சக்திக்கோளம் வழங்கும் கடிகாரங்களால் நாயகன் மண், காற்று, மின்னல் என மூவராகப் பிரியும் வல்லமை பெறுகிறான். யாயாவுக்குப் புவியீர்ப்பும், யிங்குக்கு வேகமும், கோபாலுக்குப் பொருள்களை உணவாக மாற்றும் வித்தையும் கிட்டுகின்றன. மலாய்ப் பிள்ளைகள் இருவர், சீனச் சிறுமி ஒருத்தி, தமிழ்ச் சிறுவன் ஒருவன் என்று அணி அமைந்துவிடுகிறது. முதற்பருவத்தில் நான் மிகச் சிறந்ததாகக் கருதுவது, நெடுநேரம் பிரிந்திருந்தால் நினைவு தப்பும் என்னும் விதியை வைத்துக்கொண்டு நெய்யப்பட்ட பகுதிகளை. மறதிக்கு ஆளான மின்னல் உருவத்தை அடு டு தன் தோழன் என்று நம்பவைத்து அழைத்துக்கொண்டு போக, முகத்துக்கு நேரே நின்று பெயர் சொல்லி அழைக்கும் நண்பர்களை அவன் அந்நியரைப்போல் பார்க்கும் அந்தக் காட்சியில், சிறுவர் சித்திரம் என்ற எண்ணமே எனக்கு மறைந்துபோயிற்று. வல்லமைக்கு ஒரு விலை உண்டென்றும், அந்த விலை நட்பிலிருந்தே கழிக்கப்படும் என்றும் ஒரு வசனமும் இல்லாமல் அங்கே காட்டியிருக்கிறார்கள். நாயகனுக்குக் குரல் கொடுத்தவர் நூர் ஃபத்தியா டியாஸ் என்னும் பெண்மணி; மூன்று உருவங்களுக்கும் மூன்று விதமான உறுதியை ஒரே கண்டத்திலிருந்து எழுப்பியிருக்கும் அவருடைய சாமர்த்தியத்தை எத்தனை புகழ்ந்தாலும் தகும்.

அடு டுவிடம் கோப்பையடி வாங்கிக்கொண்டே "இஞ்சே போஸ்" என்று அவனைச் சுற்றிவரும் புரோப் என்ற ரோபோவின் விசுவாசம் ரஸமானது. காணொளி விளையாட்டிலிருந்து வெளிப்பட்டுப் பின்னர்ப் பள்ளி ஆசிரியராகவும் அமர்ந்துவிடும் பாப்பா சோலாவின் ஆரவாரம் முதலில் இனித்து, பிற்பாடு சற்றுத் திகட்டுகிறது. இரண்டாம் பருவத்தில் ஏஜோ ஜோ என்னும் கொடியவனும், பொறாமையோடு வந்து தோழமையோடு நிலைக்கும் ஃபாங்கும் சேர்ந்த பிறகு, ஆட்டத்தின் வேகம் கூடிற்று என்பதில் ஐயமில்லை.

என் மனம் முழுதும் தங்கியது கோபாலிடமே. மற்றவர்களுக்குத் தங்கள் ஆற்றல் விரைவில் விளங்கிவிட, இவனுக்குத் தாமதமாகத்தான் புலப்படுகிறது. அதுவரை இவன் செய்கிற காரியம் அஞ்சுவதும், அலறுவதும், தின்பதும். இவனுக்குக் குரல் கொடுக்கும் துபிர் முகம்மது ஜக்கரியா, நடுக்கத்தைப் படிப்படியாக உயர்த்திக் கூவலாக முடிக்கும் விதத்தில் ஒரு தேர்ந்த நகைச்சுவை நடிகரின் காலப்பிரமாணம் இருக்கிறது. குறை குரலில் இல்லை, இவனுக்கென்று எழுதிக் கொடுக்கப்பட்ட பாகத்தில்தான் இருக்கிறது. ஏனெனில் போபோய்போயும் அஞ்சுகிறான்: பலூனைக் கண்டால் அவனுக்குக் குலை நடுங்கும், அடு டு அதை அறிந்து பலூனையே ஆயுதமாகக் கொண்டு வருகிறான். ஆனால் நாயகனுடைய பயம் அவன் போராடி வெல்ல வேண்டிய சோதனையாகக் கதையில் இடம்பெற, கோபாலுடைய பயமோ நாம் சிரித்துவிட்டு மறக்க வேண்டிய வேடிக்கையாக நின்றுவிடுகிறது. ஒரே உணர்ச்சியை இருவருக்கும் இருவிதமாக நிறுத்ததில் என் மனம் சமாதானம் அடையவில்லை.

பிரிக்பீல்ட்ஸில் என் மகள் குடியிருக்கும் அடுக்குமாடியின் கீழே ஒரு மாலைப்பொழுதில் நான் கண்டதைச் சொன்னால், இதை ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறேன் என்பது விளங்கும். ஏழெட்டுப் பிள்ளைகள், பல இனத்தவர், யார் யார் எந்தப் பாத்திரம் என்று பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள். என் பேரன் இரண்டு விரல்களையும் முன்னே நீட்டி, தான் மின்னல் என்றான். "நீ கோபால்லா" என்றாள் ஒரு சிறுமி, அதில் துளியும் கெட்ட எண்ணம் இல்லாமல், வானம் நீலம் என்பது போல. அவனும் மறுத்துப் பேசவில்லை. கழற்றி வைத்திருந்த செருப்பை எடுத்து, அதைத் தோசையாக மாற்றிவிட்டதாகக் காட்டி, தின்பதுபோல் பாவனை செய்தான். எல்லாரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். படிக்கட்டில் அமர்ந்திருந்த எனக்கு மட்டும் தொண்டையில் ஏதோ அடைத்தது.

நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், ஒரு தமிழ்ப் பிள்ளையை நான்கு பேரில் ஒருவனாக நடுவே நிறுத்தியதே பெரிய காரியம். 'உப்பின் இப்பின்' கம்பத்தில் ராஜூவும் முத்து அங்கிளும் உண்டு. இருந்தும் அவர்கள் சகோதரர் இருவருடைய கதைக்கு அண்டை வீட்டார். கோபாலோ போபோய்போயின் ஆத்ம நண்பன். 'கேலக்ஸி'யின் தொடக்கத்தில் அவனோடு விண்வெளிக்குப் புறப்படுகிறவனும் இவனே. அங்கே இவனுடைய வித்தையும் உணவைக் கடந்து விரிகிறது. பொருளின் மூலக்கூற்றையே மாற்றவல்லவன் இவன் என்பதைக் கதாசிரியர்கள் உணரத் தொடங்கியதன் அடையாளமாக அதை நான் மகிழ்ச்சியோடு குறித்துக்கொண்டேன். ஒரு கணம் சிந்தித்துப் பாருங்கள்: அணுவையும் மூலக்கூற்றையும் ஆட்டிவைக்கும் சக்தி, இந்த அணியிலேயே விஞ்ஞானத்துக்கு மிக அருகில் நிற்கும் சக்தி, கோபாலின் கையில் இருக்கிறது. அப்படிப்பட்ட ஆட்டக்காரனைப் பக்கவாட்டில் நிறுத்திப் பந்து பொறுக்க விட்டது பயிற்றுநரின் பிழையேயன்றி அவனுடைய பிழையன்று.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோபாலின் வாயில் "டேய்" வருகிறது, "ஐயோயோ" வருகிறது. நான் பார்த்த பகுதிகளில் அதற்கு மேல் தமிழ் அநேகமாக இல்லை. பள்ளியிலும் கடையிலும் மலாய் பேசி, வீட்டு வாசலை மிதித்ததும் அம்மாவிடம் தமிழில் பசிக்கிறது என்று சொல்கிற பிள்ளைகள்தாம் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் நிறைந்திருக்கிறார்கள். அந்த வாசலைத் தாண்டித் தொடர் உள்ளே வரவேயில்லை.

மதிப்பெண் கேட்கும் வாசகர்களுக்காக: முதற்பருவத்துக்குப் பத்தில் எட்டு, நினைவு தப்பிய மின்னலின் பகுதிகளுக்கு மட்டும் ஒன்பது, மூன்றாம் பருவத்துக்கு ஏழு, 'கேலக்ஸி'க்கு, கோபாலுக்குக் கொடுத்த இடத்தையும் சேர்த்து, ஏழரை.

அடுத்த பகுதிகளை எழுதுகிறவர்களுக்கு இந்த முதியவனின் விண்ணப்பம் ஒன்று உண்டு. கோபாலுடைய அச்சத்தை அவனிடமிருந்து பறித்துவிடாதீர்கள். அஞ்சாத பிள்ளை உலகத்தில் இல்லை. பலூனுக்கு முன்னே நடுங்கிய நாயகனுக்குக் கொடுத்த அவகாசத்தை இவனுக்கும் கொடுங்கள். அவனுடைய வீட்டுக்குள் ஒருமுறை எங்களை அழைத்துச் செல்லுங்கள். இரண்டு வாக்கியமேனும் அவன் தமிழில் பேசட்டும். மற்ற மூவரும் வீழ்ந்துவிட்ட ஒரு நாளில், கைகால் நடுங்க, வலைக்கு முன்னே தனியாக நின்று காக்கும் பொறுப்பை அவனிடம் ஒப்படையுங்கள்.