சுரபுன்னை மகரந்தமும் தேவாரப் பதிப்பும்

ஒவ்வொரு வருஷமும் என்.ஐ.ஆர்.எஃப் தரவரிசை வந்ததும் நம்ம ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு சண்டை நடக்கும். காலாப்பட்டு பல்கலைக்கழகம் எத்தனை இடம் ஏறியது, எத்தனை இடம் இறங்கியது, யார் காரணம் என்று. 2016இல் முதல் பட்டியல் வந்ததிலிருந்தே இது நடக்கிறது. அந்த எண் எதை எண்ணுகிறது என்று கேட்பவர்கள் குறைவு. மென்பொருள்காரன் என்பதால் எனக்கு அதுதான் முதல் கேள்வியாக வருகிறது. ஒரு டாஷ்போர்டில் எண் தெரிந்தால், அது எந்த டேபிளிலிருந்து வருகிறது என்று பார்க்காமல் தூக்கம் வராது.

பல்கலைக்கழகப் பிரிவில் 100க்கு 30 மதிப்பெண் ஆராய்ச்சிக்கு. எத்தனை கட்டுரைகள், அவற்றுக்கு எத்தனை மேற்கோள்கள், எத்தனை காப்புரிமைகள், எவ்வளவு திட்ட நிதி என்பவற்றை வைத்து அது கணக்கிடப்படுகிறது. கட்டுரைகளும் மேற்கோள்களும் ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் என்ற இரண்டு தரவுத்தளங்களிலிருந்து எடுக்கப்படுகின்றன. தமிழில் எழுதும் ஒருவர் அந்த இரண்டிலும் ஏறக்குறைய இல்லாதவர்.

"கலைப்புலத் துறைகளை மதிக்கவில்லை" என்று இதைப் பற்றிப் பொதுவாகப் புலம்புவார்கள். புலம்பல் சரிதான், ஆனால் அது இரக்கம் கேட்பது போலத்தான் ஒலிக்கிறது. என் ஆட்சேபம் வேறு. இந்த எண்ணும் முறை கலைப்புலத்துக்கு மட்டும் அல்ல, அறிவியலுக்கும் பொறியியலுக்கும்கூடத் தப்பானது. அதைக் காட்ட நான் தூரமாகப் போக வேண்டியதில்லை. செயின்ட் லூயிஸ் தெருவில் ஒரு கட்டடம் போதும்.

புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1955 மார்ச்சில் தொடங்கப்பட்டது. பிரெஞ்சுக்காரர்கள் ஊரை நம்மிடம் ஒப்படைத்தது 1954 நவம்பர் 1இல். அந்தக் கைமாற்றப் பேச்சுவார்த்தையின் ஒரு பகுதியாகத்தான் இந்த நிறுவனமே வந்தது. முதல் இயக்குநர் ழான் ஃபிலியோசா. அவர் கண் மருத்துவராகப் பயிற்சி பெற்று, பிறகு இந்தியவியலுக்கு வந்தவர். ஒருவேளை அதனாலேயே இருக்கலாம், ஒரே கூரைக்குக் கீழே சைவ ஆகமச் சுவடிகளும் தாவர வரைபடங்களும் சேர்ந்தன. இந்த நிறுவனத்திலும் டூமா தெருவில் இருக்கும் கீழைநாட்டு ஆய்வுப் பள்ளியிலுமாகச் சேர்த்து ஏறக்குறைய 11,000 சைவச் சுவடிகள் இருக்கின்றன. 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் அவை சேர்ந்தன. இது எல்லோருக்கும் தெரியும். பக்கத்திலேயே 20,000க்கும் மேற்பட்ட கண்ணாடித் தகடுகளில் மகரந்தம் இருப்பது ஊரில் பல பேருக்குத் தெரியாது.

அந்த மகரந்தத் தொகுப்புக்குத் தணிகைமோனியின் பெயர். கணபதி தணிகைமோனி, 1938இல் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் படித்து, இங்கே மகரந்த ஆய்வகத்தைக் கட்டி எழுப்பியவர். 1986 செப்டம்பர் 5 அன்று கராச்சியில் கடத்தப்பட்ட பான் ஆம் 73 விமானத்தில் இருந்தார். அங்கேயே கொல்லப்பட்டார். அப்போது வயது 48. அந்த விமானத்தைப் பற்றி இந்தியில் படமே எடுத்துவிட்டார்கள். அதில் போனவர்களில் நம்ம ஊர் ஆராய்ச்சியாளர் ஒருவர் இருந்தார் என்பதைப் புதுச்சேரிக்காரர்களிடம் சொன்னால் இன்றும் ஆச்சரியப்படுகிறார்கள்.

அவர் செய்த வேலை என்ன? பூவிலிருந்து மகரந்தத்தை எடுத்து, கந்தக அமிலமும் அசெட்டிக் அன்ஹைட்ரைடும் கலந்த கரைசலில் சூடாக்கினால் உள்ளே இருப்பதெல்லாம் கரைந்து, வெளி ஓடு மட்டும் மிஞ்சும். அந்த ஓட்டின் துளைகளும் முள்களும் வரிகளும் பல தாவரங்களில் ஆளுக்கு ஆள் மாறும் கைரேகை மாதிரி. பல ஆயிரம் வருடம் சேற்றில் கிடந்தாலும் அந்த ஓடு அழியாது. ஆகவே சதுப்பு நிலத்தில் ஒரு குழாயை இறக்கி மண்ணை எடுத்து, அடுக்கடுக்காகத் துகள்களை எண்ணினால் அந்தக் காலத்துக் காடு தெரியும். எந்தத் துகள் எந்த மரம் என்று சொல்வதற்கு ஒப்பிட்டுப் பார்க்கத் தகடு வேண்டும். அந்த 20,000 தகடுகளும் அதற்குத்தான்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. என் வாதம் முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். 1973இல் கரத்தினி, பிளாஸ்கோ, தணிகைமோனி மூவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். தென்னிந்திய அலையாத்திக் காடு ஒன்றில் இன்று நிற்கும் மரங்களுக்கும், அங்கே தரையில் விழுந்து கிடக்கும் மகரந்தத்துக்கும் என்ன உறவு என்பதுதான் கேள்வி. ஏன் இதைக் கேட்க வேண்டும்? சுரபுன்னை காற்றில் மகரந்தத்தைத் தாராளமாகக் கொட்டும் மரம். வெண்கண்டல் அப்படி இல்லை, பூச்சியை நம்பியிருக்கிறது, குறைவாகவே தரும். ஆக மண்ணில் சுரபுன்னைத் துகள் நிறைய இருந்தால் அங்கே சுரபுன்னை மரம் அதே அளவு இருந்தது என்று அர்த்தமில்லை. வெண்கண்டல் துகள் நாலே நாலு கிடைத்தாலும், பக்கத்திலேயே ஒரு தோப்பு நின்றிருக்கலாம். முதலில் இன்றைய காட்டை வைத்து இந்த விகிதத்தைத் தெரிந்துகொண்டால்தான் பழைய மண்ணைப் படிக்க முடியும். எஞ்சினியரிங்கில் இதற்குக் காலிபரேஷன் என்று பெயர். அதைச் செய்யாத எண்ணிக்கையை மகரந்த ஆய்வாளர் யாரும் காடு என்று சொல்லமாட்டார்.

இப்போது சுவடிப் பக்கம் வாருங்கள். தி.வே. கோபாலய்யர் பதிப்பித்த தேவாரம் இந்த நிறுவனத்தின் வெளியீடாக 1984, 1985இல் இரண்டு தொகுதிகளாக வந்தது. மூன்றாவது தொகுதி 1991இல். உடன் நின்றவர் பிரான்சுவா குரோ. ஏறக்குறைய 8,000 பாடல்கள். ஒரு பாடலுக்குப் பத்துச் சுவடிகள் கிடைத்து, எட்டில் ஒரு சொல்லும் இரண்டில் வேறு சொல்லும் இருந்தால் எட்டுதான் சரி என்று எடுத்துவிட முடியாது. அந்த எட்டும் ஒரே மூலத்தைப் பார்த்து எழுதியவையாக இருக்கலாம். அப்போது எட்டும் சேர்ந்து ஒரு சாட்சிதான். பதிப்பாசிரியர் சுவடிகளை எண்ணுவதில்லை, எடை போடுகிறார். மகரந்தக்காரர் செய்வதும் இதேதான், கருவி மட்டும் வேறு. தேவாரம் பாடும் தில்லைக்குப் பெயர் கொடுத்த தில்லை மரம் பிச்சாவரத்து அலையாத்திக் காட்டில் இன்றும் நிற்கிறது என்பது கூடுதல் வேடிக்கை. ஒரே கட்டடத்தில் ஒருவர் தில்லையைப் பாட்டில் தேடினார், இன்னொருவர் அலையாத்திக் காட்டை மைக்ரோஸ்கோப்பில் தேடினார்.

மூன்றாவது உதாரணம் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டது, எனக்குப் பிடித்தது. நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு, தோரு மட்சுயி மூவரும் 1978இல் சோழர் கல்வெட்டுப் பெயர்களுக்கு மூன்று தொகுதியில் ஓர் அகரவரிசை வெளியிட்டார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளில் வரும் மனிதர்களின் பெயர், பட்டம், ஊர் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, சோழர் காலத்தை நான்கு பகுதியாகப் பிரித்து எண்ணினார்கள். எந்தப் பட்டம் எப்போது பெருகுகிறது, எப்போது மறைகிறது என்று பார்க்க முடிந்தது. இங்கேயும் சுரபுன்னைப் பிரச்சினை வந்து நிற்கும். கல்வெட்டு பெரும்பாலும் கோயில் சுவரில் இருக்கிறது. கொடை கொடுத்தவன், நிலம் விற்றவன், அதிகாரி இவர்கள்தான் அதில் நிறைய வருவார்கள். அந்த நிலத்தில் நாற்று நட்டவள் பெயர் வராது. அதனால் அவர்கள் மொத்த எண்ணிக்கையை வைத்துச் சமூகத்தைப் படம் போடவில்லை. ஒரே வகைச் சான்றுக்குள் காலத்துக்குக் காலம் வரும் மாற்றத்தைப் பார்த்தார்கள். சுப்பராயலு பின்னாளில் இதே பிரெஞ்சு நிறுவனத்தில் இந்தியவியல் துறைக்குத் தலைமை வகித்தார்.

பொறியியலையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் முப்பது மீட்டர் உயர மரத்தின் பூ கைக்கு எட்டாது. ஆனால் மரத்தை அடையாளம் காணும் பழைய கையேடுகள் பல பூவில்தான் ஆரம்பிக்கும். முதல் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் அங்கேயே நின்றுவிட வேண்டியதுதான். பியேர் கிரார் உருவாக்கிய ஐடிஏஓ என்ற மென்பொருளை வைத்து இங்கே ஒரு மர அடையாளக் கருவி செய்தார்கள். இலை, பட்டை, பால் என்று எதிலிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம். ஒவ்வொரு பதிலுக்கும் எந்த இனம் எத்தனை சதவீதம் பொருந்துகிறது என்று காட்டும். ஒரு பதில் தப்பாகப் போனாலும் சரியான மரம் பட்டியலிலிருந்து விழுந்துவிடாது. தப்பான இன்புட் வரும் என்று எதிர்பார்த்து எழுதிய மென்பொருள் அது. எங்கள் தொழிலில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

இப்போது இந்த நாலையும் தரவரிசைக் கணக்கில் போட்டுப் பாருங்கள். தேவாரப் பதிப்பு: பூஜ்யம். மகரந்தத் தகடுகள்: பூஜ்யம், அவற்றைப் பார்த்து எழுதிய கட்டுரைக்கு மட்டும் ஒன்று. பெயர் அகரவரிசை: பூஜ்யம். மர மென்பொருள்: காப்புரிமை வாங்கியிருந்தால் ஒன்று, இலவசமாகக் கொடுத்தால் பூஜ்யம். கலை, அறிவியல், பொறியியல் என்று மூன்று புலத்திலும் எது பல பத்தாண்டு நிற்கிறதோ அதுவே கணக்கில் விடுபடுகிறது. மேற்கோள் எண்ணிக்கை என்பது காலிபரேஷன் செய்யாத மகரந்த எண்ணிக்கை. வருடத்துக்குப் பத்துக் கட்டுரை கொட்டும் துறைகள் சுரபுன்னை. பத்து வருடத்துக்கு ஒரு பதிப்பு தரும் துறை வெண்கண்டல். மண்ணை மட்டும் பார்த்துவிட்டு "இங்கே வெண்கண்டலே இல்லை" என்கிறார்கள்.

இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கும்: துறைவாரியாக மேற்கோளைச் சரிசெய்யும் கணக்குகள் உண்டே என்று. உண்டு. ஆனால் தரவுத்தளத்துக்குள் வந்ததைத்தான் சரிசெய்ய முடியும். வராததை எதனால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். பொறியியல், மேலாண்மை, சட்டம், கட்டடக்கலை எல்லாவற்றுக்கும் தனிப் பட்டியல் போடும் என்.ஐ.ஆர்.எஃப், மொழிக்கும் வரலாற்றுக்கும் தனிப் பட்டியல் போடவில்லை.

அளவே வேண்டாம் என்று சொல்கிறவன் இல்லை நான். அளவு இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்று தமிழ்த் துறைகளைப் பார்த்தாலே தெரியும். இன்ன நாவலாசிரியரின் கதைகளில் பெண் பாத்திரங்கள் என்று பெயரை மட்டும் மாற்றிப் போட்ட ஆய்வேடுகளை நானே அடுக்கடுக்காகப் படித்திருக்கிறேன். ஆனால் மருந்து நோயைவிட மோசமாகப் போயிற்று. ஆசிரியர்களின் பதவி உயர்வுக்குக் கட்டுரை எண்ணிக்கையை யூஜிசி கட்டிப்போட்டதும், காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் தெருவுக்குத் தெரு முளைத்தன. 2018 மே மாதத்தில் யூஜிசியே தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. 2022இல் முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை கட்டாயம் என்ற விதியை எடுத்தார்கள். 2025இல் கேர் பட்டியலையும் கைவிட்டார்கள். தனி ஆளுக்கு இந்த அளவுகோல் ஒத்துவரவில்லை என்று ஒப்புக்கொண்டவர்கள், நிறுவனத்துக்கு மட்டும் அதையே பிடித்துக்கொண்டிருப்பது ஏன் என்று புரியவில்லை.

பிரெஞ்சு நிறுவனம் இந்தப் பந்தயத்தில் ஓடவில்லை, அதனால் தப்பித்தது. பிரெஞ்சு அரசின் நிதியில் நடப்பது. அதற்காக அதைக் கோயிலாகக் கும்பிட வேண்டியதில்லை. என் குறை ஒன்று உண்டு. அவர்களுடைய சூழலியல் வெளியீடுகள் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும்தான் குவிந்திருக்கின்றன. அலையாத்திக் காட்டைப் பற்றி அங்கே இவ்வளவு வேலை நடந்தும், பிச்சாவரத்தில் படகு விடுபவர் படிக்கும்படி தமிழில் ஒரு புத்தகம் என் கையில் அகப்படவில்லை. வி.மு. சுப்பிரமணிய ஐயரின் தேவார ஆங்கில மொழிபெயர்ப்பு பல வருடம் அச்சேறாமல் கிடந்து, 2007இல் மின்வடிவத் தேவாரத்தில் வெளிவந்தது. அதில் தலங்களின் வரைபடமும் உண்டு. சுவடியும் வரைபடமும் ஒன்றாகக் கலந்த அப்படிப்பட்ட வேலை இன்னும் நிறைய வந்திருக்க வேண்டும்.

காலாப்பட்டில் 1985 முதல் இருக்கும் பல்கலைக்கழகத்தில் தமிழியற்புலமும் நானோ ஆய்வும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. அங்கே இன்று ஓர் இளைஞர் தகடுகளையோ சுவடிகளையோ ஒழுங்குபடுத்த ஐந்து வருடம் செலவழித்தால், அவருடைய சுயவிவரத்தில் அந்த ஐந்து வருடம் வெற்றிடமாகத்தான் தெரியும். வேலைக்குப் போட்டியிடுகிற பக்கத்து அறைக்காரர் அதற்குள் பதினைந்து கட்டுரை எழுதியிருப்பார். ஓலைக்கு எண்ணெய் போட ஆள் வேண்டும். தகட்டில் ஜெல்லி காய்ந்துபோகாமல் பார்க்க ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு மதிப்பெண் இல்லை என்றால் பதவி இல்லை. பதவி இல்லை என்றால் தொகுப்பு இருந்தும் இல்லாத மாதிரிதான்.

மென்பொருளில் இதற்கு ஓரளவு வழி கண்டிருக்கிறோம். ஒரு லைப்ரரியை எத்தனை பேர் தங்கள் நிரலில் சேர்த்திருக்கிறார்கள் என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், எழுதியவர் கட்டுரை போட வேண்டியதில்லை. தொகுப்புகளுக்கும் இதைச் செய்யலாம். ஒவ்வொரு தகட்டுக்கும், ஒவ்வொரு சுவடிக்கும் ஒரு நிலையான எண். அதைப் பயன்படுத்துகிறவர் தன் ஆய்வில் அந்த எண்ணைக் குறிப்பிட வேண்டும். அதை வைத்து யார் பராமரித்தார் என்று கணக்கு. ஆய்வேடுகளைத் திரட்டி வைக்கும் சோத்கங்காவில் இதைத் தொடங்குவதே எளிது. அதற்கு முன்னால், பழைய எழுத்துருக்களில் தட்டச்சான தமிழ் ஆய்வேடுகளை யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். இப்போது அவற்றில் ஒரு சொல்லைத் தேடினால் கிடைப்பது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. என்னிடம் இருக்கும் நாற்பது சொச்சம் ஆய்வேடுகளுக்கு ஒரு மாற்றி எழுதி ஓட்டிப் பார்த்தேன். முப்பத்தொன்று சரியாக வந்துவிட்டன. மீதி ஸ்கேன் படங்கள், அவற்றை உட்கார்ந்து தட்டச்சு செய்யத்தான் வேண்டும்.