நேற்று இல்லாத இயந்திரம்

கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் டெல்டா விவசாயி கடைமடையிலேயே நின்று தேடிக்கொண்டிருப்பதில்லை. வாய்க்கால் கரையோடு மேலே நடந்து, எந்த மதகு வரை தண்ணீர் வந்து நிற்கிறது என்று பார்ப்பார். புதிதாகப் பூட்டிய கம்ப்யூட்டர் உயிர்பெறாமல் கிடக்கும்போது குறையைத் தேடிப் பிடிப்பதும் இதே நடைதான். தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் சின்னக் கடைகளில் நடக்கும் இந்த வேலையை ரிப்பேர் என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். நான் அதைக் கலை என்பேன். பழைய இயந்திரத்துக்கு நேற்று என்று ஒன்று உண்டு. நேற்று ஓடியது இன்று நின்றால், இடையில் மாறியது எது என்று கேட்டாலே பாதி வேலை முடிந்தது. வெண்ணாற்றின் பழைய கிளை வாய்க்காலில் எங்கே மண் தூரும், எங்கே ஆகாயத்தாமரை அடைக்கும் என்று ஊருக்கே தெரியும். 1934இல் கல்லணைக் கால்வாய், நம் புது ஆறு, வெட்டி முடிந்தபோது அதற்கு அப்படி ஒரு நினைவு கிடையாது. புதுக் கம்ப்யூட்டரும் அப்படித்தான். அதன் எந்தப் பாகமும் இன்னும் ஓடிக் காட்டியதில்லை; எல்லாமே சந்தேகத்துக்குரியவை. தேர்ந்த கை முதலில் செய்வது, அதற்கு ஒரு நேற்றை உண்டாக்கித் தருவது.

அதைக் கழித்துக் கழித்தே செய்கிறது. மதர்போர்டைக் கேபினட்டிலிருந்து எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைக்கிறார்கள். அதில் பிராசசர், கூலர், ஒரே ஒரு ராம், மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் மட்டும். படம் காட்டும் வசதி பிராசசரிலேயே இருந்தால் கிராஃபிக்ஸ் கார்டும் வேண்டாம். வெளியே எடுத்த உடனே ஓடினால், கேபினட்டில் தவறான இடத்தில் திருகிய, போர்டைத் தாங்கும் ஸ்டாண்ட்ஆஃப் ஒன்று போர்டின் அடியைத் தொட்டு ஷார்ட் ஆகியிருக்கலாம். பட்டனையும் நம்புவதில்லை, ஸ்க்ரூடிரைவர் நுனியால் போர்டில் பட்டனுக்கான இரண்டு ஊசிகளைத் தொட்டே ஆன் செய்கிறார்கள். வாடிக்கையாளர் சொல்லும் இரண்டு புகார்களைத் தேர்ந்த காது பிரித்துக் கேட்கும்: ‘ஆன் ஆகல’ வேறு, ‘டிஸ்பிளே வரல’ வேறு. முன்னதற்குத் தலைமடையைப் பார்க்க வேண்டும். பிளக்கைச் செருகி ஸ்விட்ச் போட்டதுமே எஸ்எம்பிஎஸ்ஸில் 5 வோல்ட் காத்திருக்கிறது. பட்டனை அழுத்தினால் மற்ற மின்னழுத்தங்கள் எழுகின்றன; அவை நிலைப்பட்டு 100 முதல் 500 மில்லிசெகண்டுக்குள் ‘மின்சாரம் சரி’ என்ற சைகை மதர்போர்டுக்குப் போகிறது. அந்தச் சைகைக்குப் பிறகே பிராசசர் வேலையைத் தொடங்கும். 24 ஊசி கேபிளைச் செருகிவிட்டு, பிராசசருக்கான 8 ஊசி கேபிளை மறந்தால் ஃபேன் சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும். ஆறு நிறைந்து ஓட, கிளையின் மதகு மூடிக் கிடப்பதைப் போன்றது அது.

இவ்வளவு எதற்கு, பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. மாற்றிப் பார்ப்பதில் பலன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ராமை மாற்றும்போது இரண்டு காரியம் நடக்கிறது: புது ராம் வருகிறது, ஸ்லாட்டில் ராம் புதிதாக, சரியாக உட்காரவும் வாய்ப்புக் கிடைக்கிறது. சரியாக அமராமல் இருந்தது மட்டுமே குறையென்றால், குற்றமில்லாத ராம் பழி சுமக்கும். அதனால்தான் நல்ல கைகள் அதே ராமைக் கழற்றி, இருபுறமும் ‘டக்’ என்று பூட்டும் வரை அழுத்திவிட்டு, அதற்குப் பிறகே வேறொன்றைத் தேடுகின்றன. இன்றைய போர்டுகளில் எங்கே நின்றது என்று சொல்லச் சிறு விளக்குகள் இருக்கின்றனவே என்பது இன்னும் வலுவான கேள்வி. விளக்கு இடத்தைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. ராமைக் கையாளும் பகுதி இப்போது பிராசசருக்குள்ளேயே இருக்கிறது. சாக்கெட்டில் ஓர் ஊசி வளைந்திருந்தாலும், கூலரை ஒரு பக்கம் அதிகமாக முடுக்கியிருந்தாலும் எரிவது ராம் விளக்காகவே இருக்கலாம். டிடிஆர்5 ராம் முதல்முறை ஆன் ஆகும்போது தன்னைப் பழக்கிக்கொள்ளவே சில நிமிடம் கறுப்புத் திரையாக நிற்கும். அப்போது பதறி ஆஃப் செய்யாமல் காத்திருப்பதும் இந்தக் கலையில் சேர்த்தி. கைவேகத்தைவிட இந்தப் பொறுமையைத்தான் நான் உயர்வாக மதிக்கிறேன்.

விளக்கைப் போல ஒலியும் நிலையைச் சொல்லும். 1981இல் வந்த ஐபிஎம் பிசி, தன்னைத்தானே சோதித்து எல்லாம் சரியென்றால் ஒரே ஒரு சின்ன பீப் ஒலி தரும். இன்றும் மதர்போர்டில் ஒரு குட்டி ஸ்பீக்கரை மாட்டிவிட்டால் பல போர்டுகள் பேசும். புதுக் கம்ப்யூட்டர் பூட்டப் போகிறவர்கள் அதையும் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.