ஊசி பெறாத பாதி

அமெரிக்க ஆசிரியர் சிங்கிளேயர் லூயிஸ் 1925ஆம் ஆண்டில் வெளியிட்ட 'அரோஸ்மித்' விஞ்ஞானியொருவனைத் தலைமகனாகக் கொண்ட நாவல். நுண்ணுயிரியலறிஞர் போல் டி குரூய்ப் துணைநின்றமையால் அதன் ஆய்வுகூடக் காட்சிகள் உயிர்த்துடிப்புடன் அமைந்துள்ளன. நூலின் உயிர்நிலையோ ஆய்வுகூடத்துக்கு வெளியே, மேற்கிந்தியத் தீவொன்றிலே நிகழும் பிளேக்குப் பரிசோதனையாகும்.

செயின்ற் ஹியூபேட் என்னும் அக்கற்பனைத் தீவுக்கு மாட்டின் அரோஸ்மித், பற்றீரியாவை அழிக்கும் 'பேஜ்' என்னும் மருந்துடன் செல்கிறான். கோயிற்பற்றொன்றில் பாதிப்பேருக்கு ஊசியேற்றி மற்றப் பாதியினரை வாளா விடல்வேண்டும் என்பது திட்டம். ஆசான் கொட்லீப் ஊட்டிய ஆய்வுநெறி அது. அந்நெறி பொருளற்றதன்று, ஒப்பீடின்றேல், நோய் தானே தணிந்ததோ மருந்தால் தணிந்ததோ என்று துணிதல் அரிது. தோழன் சொண்டேலியஸ், எல்லோர்க்கும் கிட்டாத மருந்து தனக்கு வேண்டாமென மறுத்து, அந்நோயாலேயே மடிகிறான். பின்னர் மனைவி லியோராவும் மாளவே, அரோஸ்மித் மனமுடைந்து, கேட்டோர்க்கெல்லாம் ஊசி போடுகிறான்.

இவ்விடத்தில் ஆசிரியர் நம்மிடம் வேண்டும் இரக்கம் யாருக்கு? சோதனையைக் கெடுத்துவிட்டோமே என நாணும் விஞ்ஞானிக்கு. சோதனை தகுமோ தகாதோ என ஆள்வோரும் வைத்தியரும் தோட்டத்துரைமாரும் வாதிக்கின்றனர். கறுப்பினத் தொழிலாளியை 'உனக்குச் சம்மதமா?' என வினவுவாரில்லை. அரோஸ்மித்தின் உள்ளப்போர் அறிவுக்கும் இரக்கத்துக்கும் இடைப்பட்டது; அம்மக்களின் உரிமை அதனுள் நுழையவேயில்லை. வைத்தியத் தொழிலின் போலிகளையெல்லாம் நகையாடிய லூயிஸின் கூரிய கண்ணுக்கு இது தப்பியது வியப்பே.

கற்பனைதானே என்று தள்ளிவிடுதல் இயலாது. நூல் வெளிவந்து ஏழாண்டின் பின், 1932இல், அமெரிக்கப் பொதுச்சுகாதாரச் சேவை அலபாமாவின் ரஸ்கீகியில், சிபிலிசு நோயுற்ற 399 கறுப்பின ஆடவரையும் அந்நோயற்ற 201 பேரையும் அவதானிக்கத் தொடங்கிற்று. நோயின் பெயர்தானும் அவர்க்கு உரைக்கப்படவில்லை. 'கெட்ட இரத்தம்' என்றே கூறினர். பெனிசிலின் 1940களில் வழக்குக்கு வந்தபின்னரும் அவர்களுக்கு அது கொடுக்கப்படவில்லை. 1972இல் பத்திரிகைகள் வெளிப்படுத்திய பின்னரே ஆய்வு நின்றது. அரோஸ்மித் உடைந்துபோன இடத்தில் ரஸ்கீகி ஆய்வாளர் நாற்பதாண்டு உடையாது நின்றனர்.

அதன் விளைவாக எழுந்த 1979ஆம் ஆண்டுப் பெல்மொன்ற் அறிக்கை, ஆளை மதித்தல், நன்மை செய்தல், நீதி என மூன்றை வகுத்தது. இவற்றுள் நன்மை செய்தலொன்றே அரோஸ்மித்திடம் காணப்படுவது. அதுவும் மனைவியை இழந்தபின் முழுமையாய்ப் பிறந்தது. ஊர் திரும்பியவன் கொட்லீப்பிடம் தன் பிழையை ஒப்புக்கொள்ள விழைகிறான். ஆசானோ அறிவு மயங்கிக் கிடக்கிறார். ஊசி பெறாத பாதியில் எஞ்சியோரிடம் ஒப்புக்கொள்ளவேண்டியது ஏதும் உண்டென்று அவன் எண்ணவுமில்லை.