மீன்பாடும் தேன்நாடும் உல்லாசப் பயணத்துறையின் மொழியும்

திறனாய்வு என்பது கவிதை, நாவல், நாடகம் ஆகியவற்றோடு நின்றுவிடும் முயற்சியன்று. ஓர் இடத்தையோ ஒரு மக்கட் கூட்டத்தையோ இன்னவாறுதான் காணவேண்டும் எனக் கற்பிக்கும் எழுத்து எதுவாயினும் அது திறனாய்வுக்கு உரியதே. இவ்வகையில் உல்லாசப் பயணத்துறையின் விளம்பர ஏடுகளும், பயண வழிகாட்டி நூல்களும், விடுதிகள் தம்மைப் பற்றித் தாமே எழுதிக்கொள்ளும் வருணனைகளும் தனியானதோர் எழுத்து வகையாகக் கொள்ளத்தக்கவை. அவற்றுக்கென மரபாகிவிட்ட உவமைகள் உண்டு. திரும்பத் திரும்ப வரும் அடைமொழிகள் உண்டு. கூறப்படுவன போலவே கூறாது விடப்படுவனவும் உண்டு. மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தைப் பற்றி இவ்வெழுத்துக்கள் தீட்டியுள்ள சித்திரம் யாது, அச்சித்திரத்தில் அப்பிரதேச மக்கள் எங்கே நிற்கின்றனர் என்பன ஆராயத்தக்க வினாக்களாகும்.

இத்துறையின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குதல் தகும். 1966 ஆம் ஆண்டு சட்டத்தின் மூலம் இலங்கை உல்லாசப் பயணச் சபை நிறுவப்பட்டது. அதனையடுத்து வெளிநாட்டு ஆலோசகர்கள் வகுத்த பத்தாண்டுத் திட்டத்தில் கிழக்குக் கரை உல்லாசப் பிராந்தியங்களுள் ஒன்றாக இடம்பெற்றது. மட்டக்களப்பு நகரிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீற்றர் தொலைவில் உள்ள பாசிக்குடாவிலும் கல்குடாவிலும் 1970களில் விடுதிகள் எழுந்தன. 1982 இல் நாட்டுக்கு வந்த பயணிகள் 4,07,230 பேர். 1983 இன் பின் தொடர்ந்த போர்ச் சூழலில் அவ்விடுதிகள் கைவிடப்பட்டு இடிபாடுகளாயின. 2004 டிசம்பர் 26 ஆம் திகதிய கடற்கோள் எஞ்சியவற்றையும் தாக்கியது. போர் முடிவுற்ற 2009 இன் பின்னர் பாசிக்குடா உல்லாச வலயமாக வரையறுக்கப்பட்டு, 2011 முதல் புதிய விடுதிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கப்பட்டன. 2018 இல் பயணிகளின் தொகை 23 இலட்சத்தைக் கடந்தது. மட்டக்களப்பு சீயோன் தேவாலயமும் இலக்கான 2019 ஏப்ரல் 21 ஆம் திகதித் தாக்குதல்கள், 2020 இன் கொள்ளைநோய், 2022 இன் பொருளாதார நெருக்கடி ஆகியன அத்தொகையை வீழ்த்தின. 2024 இல் அது மீண்டும் 20 இலட்சத்தைக் கடந்தது. தொகைகள் ஏறுவதும் இறங்குவதுமாக இருப்பினும், இப்பிரதேசத்தை வருணிக்கும் மொழியில் பெரிய மாற்றம் நிகழவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

முதலில் பெயரிலிருந்தே தொடங்கலாம். தமிழகத்தார் 'சுற்றுலா' என வழங்குவதை ஈழத்துத் தமிழ் நெடுங்காலம் 'உல்லாசப் பயணம்' என்றே வழங்கி வந்துள்ளது. 'சுற்றுலா' பயணி செய்யும் செயலைக் குறிக்க, 'உல்லாசப் பயணம்' அவன் அடையும் இன்பத்தைக் குறிக்கிறது. ஒருவர் உல்லாசமாக இருப்பதற்கு வேறு பலர் உழைக்க வேண்டியிருக்கிறது என்பதை இச்சொல் மறைத்து விடுகிறது. மாறாக, இக்கரையோரம் நெடுங்காலமாக அறிந்த பயணம் யாத்திரை எனப்பட்டது. வடக்கேயிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்வோர் மட்டக்களப்பு, பொத்துவில், உகந்தை வழியாகக் குமணக் காட்டைக் கடந்து செல்வர். வழியிலுள்ள ஊர்கள் அவர்களுக்கு உணவும் தங்குமிடமும் அளிக்கும். யாத்திரிகன் ஊருக்குப் புதியவனே. எனினும் ஊரின் நம்பிக்கையும் அவனுடைய நம்பிக்கையும் ஒன்றாகையால், ஊர் அவனுக்காக வேடம் புனைய வேண்டிய தேவை எழவில்லை.

அடுத்து அடைமொழிகள். பாசிக்குடாவைப் பற்றிய வருணனைகளில் 'தீண்டப்படாத', 'கன்னிமை குலையாத', 'கண்டறியப்படாத' என்னும் பொருளில் அமைந்த சொற்கள் விடாது வருகின்றன. நெடுந்தூரம் நடந்து சென்றாலும் இடுப்பளவைத் தாண்டாத ஆழமற்ற நீர் அங்குள்ளது உண்மையே. அலையடங்கிய அக்குடாவின் அழகையும் எவரும் மறுப்பதற்கில்லை. ஆயினும் 'பாசிக்குடா', 'கல்குடா' என்னும் பெயர்களையே எடுத்துக்கொண்டால், அவை பாசி படர்ந்த குடா எது, கல் நிறைந்த குடா எது என அறிந்து தோணி செலுத்தியோர் இட்ட பெயர்களாகத் தோன்றுகின்றன. மட்டக்களப்பு என்னும் பெயரும், மட்டு, களப்பு எனப் பிரித்துப் பொருள் கொள்ளப்படுவதற்கிணங்க, நீரின் ஆழத்தை அளந்தறிந்தோரின் மொழியே. இவ்வாறு பெயரிடப்பட்ட நிலம் எவ்வாறு கண்டறியப்படாத நிலமாகும்?

'தீண்டப்படாத' என்னும் சொல்லில் இதனினும் ஆழமான குறையொன்று உண்டு. 2009 இல் அக்கடற்கரை வெறுமையாகக் காட்சியளித்ததற்கு இயற்கை காரணமன்று. போரும் இடப்பெயர்வும் கடற்கோளும் மனிதரை அங்கிருந்து அகற்றியிருந்தன. இழப்பினால் நேர்ந்த வெறுமையை இயற்கையின் தூய்மையாக மொழிபெயர்த்துக் கொடுப்பதே இவ்வடைமொழியின் பணி. மிக அதிகமாகத் தீண்டப்பட்ட கரையொன்று தீண்டப்படாத கரையாக விற்கப்படும்போது, சொல் வெறும் அலங்காரமாக மட்டும் இருந்துவிடுவதில்லை. அது வரலாற்றைத் துடைத்தழிக்கும் கருவியாகவும் ஆகிவிடுகின்றது.

மூன்றாவதாக, இப்பிரதேசத்தின் புகழுக்குக் காரணமான பாடும் மீன். 'மீன்பாடும் தேன்நாடு' என்னும் தொடர் விளம்பரக்காரர் படைத்ததன்று. மட்டக்களப்பார் தாமே பெருமையோடு வழங்குவது. நிலாக் காலத்தில் கல்லடிப் பாலத்தை அண்டிய வாவி நீரின் அடியிலிருந்து எழுவதாகக் கூறப்படும் அவ்வொலியைப் பற்றி எமர்சன் டெனன்ட் 1859 இல் வெளிவந்த தமது நூலில் விரிவாக எழுதினார். ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கையில் எழும் நாதத்தோடு அதனை அவர் ஒப்பிட்டார். இங்குக் கவனிக்க வேண்டிய செய்தி வேறொன்று. அவரை அழைத்துச் சென்ற மீனவர் அவ்வொலியை மீனுக்கு உரியதாகக் கூறவில்லை. நீரடியில் வாழும் ஊரிக்கே உரியதாகக் கூறினர். டெனன்டும் ஏறத்தாழ அக்கருத்தின் பக்கமே சாய்ந்தார். பின்னர் 1954 இல் அருட்தந்தை லாங் பதிவு செய்த ஒலி இலங்கை வானொலியில் ஒலிபரப்பாயிற்று. ஒலியின் மூலம் இன்றுவரை ஐயத்திற்கிடமின்றி நிறுவப்படவில்லை.

ஊரி மறைந்து மீன் நிலைபெற்றது எவ்வாறு? கவர்ச்சியே காரணம் எனலாம். சேற்றில் கிடக்கும் ஊரி எவரையும் தொலைவிலிருந்து அழைத்து வராது. பாடும் மீனோ அழைத்து வரும். எனினும் ஒரு கற்பனை அழகியது என்பதால் மட்டும் அதனைப் பொய்யெனத் தள்ளிவிடுதல் திறனாய்வாகாது. சுவாமி விபுலாநந்தர் இதே ஒலியை நீரர மகளிரின் இன்னிசையாகக் கற்பனை செய்தார். அக்கற்பனை அவரை இசையின் இலக்கணத்தை நோக்கிச் செலுத்திற்று. 1947 இல் வெளிவந்த 'யாழ் நூல்' அத்தேடலின் பெரும்பேறு. அதே பொருளை எடுத்துக்கொள்ளும் விளம்பர ஏடோ அதனைப் படகுச் சவாரியின் இணைப்பாக்கி, ஒரு மணி நேரத்துள் கேட்டு முடிக்கத்தக்க பொருளாகச் சுருக்குகிறது. கவிஞரின் கற்பனை கேட்போனை வாவிக்குள் ஆழமாக இறக்குகிறது. விளம்பரத்தின் கற்பனை அவனை வாவியின் மேற்பரப்பிலேயே மிதக்கவிட்டுக் கரை சேர்க்கிறது.

இச்சுருக்கும் முறைக்கு உலகளாவிய மாதிரியொன்று உண்டு. 1955 இல் கலிபோர்னியாவில் திறக்கப்பட்ட டிஸ்னிலாந்து, கேளிக்கைப் பூங்கா என்பதற்குப் புதிய இலக்கணம் வகுத்தது. அங்கு வருவோர் 'விருந்தினர்' எனப்படுவர்; பணியாளர் 'நடிகர் குழுவினர்' எனப்படுவர்; அவர் அணியும் சீருடை 'வேட உடை' எனப்படும். 1971 இல் புளோரிடாவில் அமைந்த பூங்காவில், பணியாளரின் நடமாட்டம் விருந்தினர் கண்ணிற் படாதவாறு பூங்காத் தளத்தின் கீழ்ச் சுரங்க வழிகளும் அமைக்கப்பட்டன. 1982 இல் அதன் அருகே உலக நாடுகள் சிலவற்றின் மாதிரிகள் ஒரு செயற்கை ஏரியைச் சுற்றி எழுப்பப்பட்டன. தமிழ்நாட்டவர்க்கு நன்கு தெரிந்த எடுத்துக்காட்டும் உண்டு. சென்னைக்குத் தெற்கேயுள்ள வி.ஜி.பி. பொழுதுபோக்குப் பூங்காவில் அசையாது நிற்பதையே தொழிலாகக் கொண்ட 'சிலை மனிதர்' நிறுத்தப்பட்டிருந்தார். அவரைச் சிரிக்க வைக்க முயல்வது வந்தோரின் விளையாட்டு. உழைப்பு கண்ணிற்படலாகாது, பட்டாலும் வேடிக்கையாகவே படவேண்டும் என்பதே இவ்வனைத்துக்கும் அடிப்படையான விதி.

கேளிக்கைப் பூங்கா வெற்று நிலத்தில் ஒரு பொய்யூரைக் கட்டுகிறது. பாசிக்குடா போன்ற இடங்களில் நிகழ்வது இதனினும் சிக்கலானது; அங்கு மெய்யூரின் அருகிலேயே அவ்வூரின் சாயல் கட்டப்படுகிறது. 2011 இல் அங்குத் திறக்கப்பட்ட முதல் புதிய விடுதி 'மாலு மாலு' என்னும் பெயர் பெற்றது. 'மீன், மீன்' எனப் பொருள்படும் அச்சிங்களத் தொடர் மீன் விற்போரின் கூவலை நினைவூட்டுவது. ஓலை வேய்ந்த கூரைகளோடு மீனவர் குடியிருப்பின் சாயலில் அது வடிவமைக்கப்பட்டது. கட்டடக்கலை என்னும் அளவில் இது குறைகூறத்தக்கதன்று. கண்ணாடியும் சீமெந்துமாய் எழும் கோபுரத்தினும் கிடுகுக் கூரை அக்கரைக்குப் பொருந்துவதே. ஆனால் மீனவரின் வாடி கிடுகால் வேயப்பட்டதற்குக் காரணம் வேறு. வாடி என்பது பருவத்திற்கேற்பக் கட்டிப் பிரித்து இடம் மாற்றுவது. வலை காய, கருவாடு உலர, தோணி ஏற்ற வெளி வேண்டுவது. கரைவலை இழுப்பதற்கு இருபுறத்தும் ஆட்கள் வடம் பற்றி நடந்து வரத்தக்க நீண்ட கரை தடையின்றித் திறந்து கிடக்க வேண்டும். கூரையின் வடிவத்தை எடுத்துக்கொண்ட உல்லாச வலயத் திட்டம், அக்கூரையைப் பிறப்பித்த கரையின் பயன்பாட்டுக்கு எவ்வளவு இடம் விட்டது என்பதே வினா. சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த மனித உரிமை அமைப்பொன்று 2015 இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, கற்பிட்டி, குச்சவெளி ஆகியவற்றோடு பாசிக்குடாவையும் எடுத்துக்கொண்டு, மீனவர் கரையை அணுகுவதில் எதிர்நோக்கிய இடர்களைச் சுட்டியது. மீனவன் குடிசை அலங்காரமாகிய இடத்தில் மீனவன் இடையூறாகக் கருதப்படுவானாயின், அதனைவிடக் கொடிய அங்கதம் வேறு இல்லை.

இதே முறை கலைகளையும் தொடக்கூடியது. மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடிக் கூத்துக்கள் ஒரு நாளில் அரங்கேறுவன அல்ல. சட்டங் கொடுத்தல், பழகுதல், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் எனப் படிப்படியாகப் பல மாதங்கள் சென்றபின்னரே அரங்கேற்றம் நிகழும். அவ்வளவு காலமும் அண்ணாவியார் வழியே ஊரே ஒரு பள்ளியாகிவிடுகிறது. இதனை உணவு மண்டபத்தின் ஓரத்தில் இருபது நிமிடக் காட்சியாக்கலாம் என்னும் யோசனைக்குச் சிலர் ஓர் எடுத்துக்காட்டைக் காட்டக்கூடும்: பேராசிரியர் சு. வித்தியானந்தனும் 1960களில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலியவற்றைப் பேராதனையிலிருந்து மேடையேற்றியபோது விடிய விடிய ஆடும் கூத்தைச் சுருக்கினாரல்லவா? சுருக்கினார் என்பது உண்மை. ஆயின் அவர் கதையை விட்டு வேடத்தை மட்டும் எடுக்கவில்லை. அண்ணாவிமாரோடு இணைந்து, மொழியும் கதையும் அறிந்த அவையை நோக்கி, பாத்திரத்தின் உணர்வு கூர்மையுறும் வண்ணம் சுருக்கினார். விடுதி மேடையில் பாட்டின் பொருள் எவருக்கும் வேண்டியதில்லை. முடியும் கரப்புடுப்பும் ஆட்டமுமே வேண்டும். இரண்டும் சுருக்கமே எனினும், முன்னது கலையை அதன் மக்களிடம் மீட்டது. பின்னது கலையிலிருந்து மக்களையே கழித்துவிடக்கூடியது.

இவ்விடத்தில் மறுதரப்பாரின் வாதத்தையும் நேர்மையாக நோக்க வேண்டும். போராலும் கடற்கோளாலும் நலிந்த மாவட்டத்தில் இளைஞருக்குத் தொழில் வேண்டும். விடுதிகள் சம்பளம் தருகின்றன. மீனும் மரக்கறியும் வாங்குகின்றன. வீதியும் புகையிரதமும் சீர்பெறுகின்றன. பசித்த வயிற்றின் முன் அடைமொழிகளைப் பற்றிப் பேசுவது படித்தவரின் பொழுதுபோக்கு என அவர்கள் கூறலாம். இவ்வாதத்தின் முற்பகுதி மறுக்கத்தக்கதன்று. பிற்பகுதியே ஏற்கத்தகாதது. ஏனெனில் யாருக்கு எவ்வகைத் தொழில் கிடைக்கும் என்பதை நிர்ணயிப்பதில் வருணனைக்கும் பங்குண்டு. நிலம் வெறுமையானது என வருணிக்கப்பட்டால், அந்நிலத்தின் திட்டத்தில் ஊரவர்க்குக் குரல் தேவைப்படாது. ஊரவர் வேடிக்கைக்குரியோர் என வருணிக்கப்பட்டால், அவர்க்குக் கிடைப்பது முகாமையாளர் இருக்கையன்று; தம் பாட்டனின் வேடத்தைத் தாமே அணிந்து பரிமாறும் பணியே. 1981 ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் நாட்டில் உண்டு. ஆயினும் கரை யாருக்குரியது என்னும் உணர்வை வளர்ப்பது சட்டம் மட்டுமன்று, மொழியுமே.

'விருந்தோம்பல்' என்னும் சொல்லின் கதையும் இதனையே உணர்த்துகிறது. விருந்து என்பதற்குப் புதுமை என்பது பழம்பொருள். புதியராய் வந்தோரைப் பேணுதலே விருந்தோம்பல். திருக்குறள் அதனை இல்லறவியலில் வைத்தது. இன்று அச்சொல் 'விருந்தோம்பற் கைத்தொழில்' எனக் கைத்தொழிலுக்கு அடையாகிவிட்டது. சொல் பொருள் மாறுவது இயல்பே. ஆயினும் இல்லறத்தில் விருந்தோம்பும் உரிமை வீட்டுக்காரனுக்கு உரியது. தன் வீடு, தன் உணவு, தன் மொழி ஆகியவற்றுள் எதை வந்தவனோடு பகிர்வது என அவனே தீர்மானிப்பான். வீட்டுக்காரனே பணியாளனாக, வந்தவனும் இடைத்தரகனும் வீட்டின் ஒழுங்கைத் தீர்மானிப்பார்களாயின் அங்கே நிகழ்வது விருந்தோம்பலாகாது.

தொகுத்து நோக்குமிடத்து, மட்டக்களப்புக்குப் பயணிகள் வரலாகாது என்பது இங்கு முடிபாகாது. வருவோர்க்கு எந்த மட்டக்களப்பு காட்டப்படுகிறது, அதனைச் சொல்பவர் யார் என்பனவே வினாக்கள். பண்டிதர் வி.சீ. கந்தையா 1964 இல் 'மட்டக்களப்புத் தமிழகம்' எழுதியபோது, ஒரு பிரதேசம் தன்னைத் தானே வருணித்துக்கொள்ள முடியும் என்பதை மெய்ப்பித்தார். வந்தாறுமூலையில் பல்கலைக்கழகமும், விபுலாநந்தர் பெயரால் கல்லடியில் அழகியற் கற்கைகள் நிறுவகமும் உள்ள மாவட்டம் தன் பயண வழிகாட்டியைப் பிறர் எழுதித் தரக் காத்திருக்க வேண்டியதில்லை. கரைவலை இழுக்கும் காலத்தையும், குடாவின் பெயர்க் காரணத்தையும், கூத்து முதலில் ஊர்க் களரிக்கே உரியது என்பதையும், 1983, 2004 ஆகிய ஆண்டுகளையும் மறைக்காத ஒரு வழிகாட்டி எழுதப்படல் வேண்டும். வாவியின் அடியில் ஒலிப்பது மீனா ஊரியா என்பதை அறிவியல் என்றேனும் முடிவு செய்யும். அதுவரை, ஊரி என்று சொன்ன மீனவரின் சொல்லும் அவ்வேட்டில் இடம்பெறுவதே நீதியாகும்.