மண்டோதரி யாரிடம் அழுகிறாள்?

கம்பராமாயணத்தில் மண்டோதரி இரண்டு முறை நீளமாகப் புலம்பி அழுகிறாள். மகன் இந்திரசித்து செத்தபோது ஒருமுறை, கணவன் இராவணன் செத்தபோது ஒருமுறை. மேடைகளில் பேசப்படுவது பெரும்பாலும் இரண்டாவதுதான். சீதைமேல் வைத்த காதல் எங்கே ஒளிந்திருக்கிறது என்று இராமனின் அம்பு இராவணன் உடம்பில் ஓர் இடம் விடாமல் தடவித் தேடியது என்று அவள் சொல்லும் அந்தக் கற்பனைக்குக் கைதட்டு விழாத கம்பன் விழாவே கிடையாது.

எனக்கு என்னவோ முதல் அழுகைதான் பெரியதாகப் படுகிறது. அதில்தான் கேட்க வேண்டிய ஆள் உயிரோடு பக்கத்தில் நிற்கிறான்.

கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் இதை விளக்க முடியும். ஒப்பாரியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

சாவு வீட்டில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு அழுவதை ஊர்ப்பக்கம் வளர்ந்தவர்கள் எல்லாரும் பார்த்திருப்போம். என்ன பாடுகிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்டவர்கள் குறைவு. செத்தவரைப் பற்றிய புகழ்ச்சி ஆரம்பத்தில் கொஞ்ச நேரம் இருக்கும். அப்புறம் பாட்டு மெல்லப் பிறந்த வீட்டுக்குப் போய்விடும். சீர் செய்யாத அண்ணன், குத்திப் பேசின நாத்தனார், கைவிட்ட புருஷன் என்று ஒவ்வொருத்தியும் தன் கணக்கை எடுத்து வைப்பாள். மானிடவியலாளர் இசபெல் கிளார்க்-டெசே தமிழ்நாட்டு ஒப்பாரிகளைக் கள ஆய்வு செய்து 2005ல் ஒரு புத்தகம் போட்டார். அதன் ஆங்கிலத் தலைப்புக்கே 'செத்தவருக்காக யாரும் அழுவதில்லை' என்றுதான் பொருள். கேட்க முரட்டுத்தனமாக இருக்கிறது, ஆனால் சரியான தலைப்பு.

சில வருஷங்களுக்கு முன் உறவினர் வீட்டுச் சாவு ஒன்றில் இதை நேரில் பார்த்தேன். செத்தது பக்கத்து வீட்டுப் பாட்டி. ஆனால் என் சொந்தக்கார அம்மா ஒருவர் பாடியது, அப்பா சொத்தில் தனக்குச் சேரவேண்டிய ஒரு துண்டு நிலத்தைப் பற்றி. பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவருடைய தம்பி தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வேறு எந்த இடத்தில் அந்தப் பேச்சை எடுத்திருந்தாலும் "பொம்பள பேசற பேச்சா இது" என்று அடக்கியிருப்பார்கள். சாவு வீட்டில் அழுகிறவளை அடக்க முடியாது. ராகத்தோடு வந்தால் பிராதும் செல்லுபடியாகிறது!

நாட்டுப்பாடல் தொகுப்புகளில் ஒப்பாரியைத் தேடினால் இந்தப் பக்கமே கண்ணுக்குத் தெரியாது. நான் பார்த்த தொகுப்புகளில் 'தாய்க்கு', 'கணவனுக்கு', 'மகனுக்கு' என்று செத்தவரை வைத்துத்தான் பிரித்திருக்கிறார்கள். பாடியபோது பந்தலில் யார் இருந்தார் என்ற குறிப்பு இல்லை. மின்னஞ்சலில் பெறுநர் வரியை அழித்துவிட்டுக் கடிதத்தை மட்டும் சேமித்த மாதிரி. மிச்சம் இருப்பது வெறும் சோகம். சோகத்தை மட்டும் வைத்துக்கொண்டு 'நாட்டார் அழகியல்' என்று எழுதிவிடுவது சுலபம்.

பழைய இலக்கியம் இந்த விஷயத்தில் நம்மைவிடத் தெளிவாகத்தான் இருந்திருக்கிறது. பூதபாண்டியன் இறந்ததும் அவன் தேவி பெருங்கோப்பெண்டு பாடியது புறநானூற்றின் 246ம் பாட்டு. கற்புக்கு உதாரணம் என்று பாடப்புத்தகம் சொல்லும். அதைத் திரும்ப நிதானமாகப் படித்துப் பாருங்கள். அவள் கணவனைப் பார்த்துப் பேசவே இல்லை. தீயில் இறங்காதே என்று தடுக்கும் சான்றோர்களைப் பார்த்துப் பேசுகிறாள், அதுவும் மரியாதையாக இல்லை. அவர்கள் யோசனையைச் சூழ்ச்சி என்கிறாள். பிறகு ஒரு கைம்பெண்ணின் சாப்பாட்டைப் பட்டியல் போடுகிறாள்: நெய் இல்லாத, பிழிந்தெடுத்த பழைய சோறு, எள் துவையல், புளி சேர்த்து வேகவைத்த வேளைக்கீரை. படுக்க, பாய்கூட விரிக்காத பருக்கைக் கல். இப்படி வாழ்கிறவர்களில் ஒருத்தி இல்லை நான் என்கிறாள். உயிரோடு இரு என்று சொல்கிறீர்களே, எப்படிப்பட்ட வாழ்க்கையைத் தருகிறீர்கள் என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. இதை உடன்கட்டைக்கு விளம்பரமாகப் படித்தால் அந்தச் சாப்பாட்டுப் பட்டியல் எதற்கு? அவள் சாவைத் தேர்ந்தெடுத்ததை நான் கொண்டாடவில்லை. ஆனால் அந்தப் பாட்டு ஒரு சாட்சி வாக்குமூலம்.

பத்துப் பாட்டு தள்ளி 256ல் இன்னொருத்தி. பெயர் தெரியாது. அவள் பேசுவது ஊர்க் குயவனிடம். வண்டியின் ஆரக்காலில் ஒட்டிக்கொண்டே வந்த பல்லி மாதிரி இவனோடு வந்துவிட்டேன், தாழியை எனக்கும் சேர்த்துப் பெரிசாகச் செய் என்கிறாள். ராஜா இல்லை, சான்றோர் இல்லை. அவள் கைக்கு எட்டின ஆள் பானை செய்கிறவர். எல்லாக் காலத்திலும் ஏழை வீட்டு அழுகை போய்ச் சேருகிற தூரம் அவ்வளவுதானோ என்னவோ.

கண்ணகியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், எல்லாருக்கும் தெரிந்த கதை. ஒன்றே ஒன்று: மதுரைத் தெருவில் அழுதுகொண்டே போகிறவள் இந்த ஊரில் பெண்கள் இருக்கிறார்களா, சான்றோர் இருக்கிறார்களா, தெய்வம் இருக்கிறதா என்று கேட்கிறாள். தன் அழுகைக்குக் காது தேடுகிறாள். துன்ப மாலை, ஊர்சூழ் வரி, அடுத்து வழக்குரை காதை. காதைப் பெயர்களை வரிசையாகப் படித்தாலே புலம்பல் எப்படி வழக்காகிறது என்று தெரிந்துவிடும்.

இப்போது கம்பனுக்கு வரலாம்.

கம்பனுக்கு ஒப்பாரியின் இந்தச் சூட்சுமம் தெரியாது என்று யாராவது சொன்னால் சூர்ப்பணகையைப் படிக்கச் சொல்லுங்கள். மூக்கறுபட்டு மண்ணில் புரண்டு அவள் கத்துவது அச்சு அசலாக ஒப்பாரி. அங்கே யாரும் சாகவில்லை, ஆனாலும் ஒப்பாரிதான். அண்ணன் இராவணனைக் கூப்பிட்டு அவன் வீரத்தை ஏற்றிச் சொல்லி, நீ இருக்கும்போதா எனக்கு இந்தக் கதி என்கிறாள். அடுத்து மருமகன் இந்திரசித்து. பிறந்த வீட்டு ஆண்களைக் கூப்பிட்டு அழுகிறாள். அந்த அழுகைதான் அத்தனை பெரிய யுத்தத்துக்கும் முதல் டிக்கெட்.

மண்டோதரியின் முதல் அழுகை யுத்த காண்டத்தில். தலையில்லாத மகன் உடம்பைப் பார்த்துக் கதறுகிறவள், நடுவில் ஒரு விஷயத்தைப் போட்டு உடைக்கிறாள். சீதை என்ற அமுதத்தில் செய்த நஞ்சால் நாளை இலங்கை அரசனுக்கும் இதே கதிதானே என்று பயப்படுகிறாள். கேட்டுக்கொண்டிருக்கிறவன் அந்த இலங்கை அரசன். சபையில் சொன்னபோது அவன் காதில் ஏறாததை மனைவி மகன் சாவில் வைத்துச் சொல்லிவிட்டாள். உடனே இராவணன் என்ன செய்கிறான்? இதற்கெல்லாம் காரணம் சீதை, அவளை வெட்டுகிறேன் என்று வாளோடு கிளம்புகிறான். மகோதரன் தடுக்கிறான். எங்கள் தொழிலில் தினமும் பார்க்கிற காட்சி இது: பிழை எங்கே என்று ஒருவர் சரியாகக் காட்டுவார், அதிகாரம் உள்ளவர் போய் வேறு இடத்தில் கையை வைப்பார். அழுகை காதில் விழுந்தது, தப்பாக விழுந்தது. இந்த இடத்தில் கம்பன் எழுதியது முழு நாடகம்.

இரண்டாவது அழுகைக்குக் கேட்க ஆள் இல்லை. இராவணன் போய்விட்டான். அதில் இன்னொரு பாட்டு உண்டு. சீதையின் அழகு, அவள் கற்பு, இராவணன் கொண்ட காதல், சூர்ப்பணகை இழந்த மூக்கு, தசரதன் ஆணையால் இராமன் காட்டுக்கு வந்தது - எல்லாம் சேர்ந்து கடைசியில் இந்திரன் செய்த தவமாகப் பலித்தது என்கிறாள். வரிசைப்படுத்திய அழகில் எனக்கு எப்போதும் பிரமிப்பு உண்டு. ஆனால் கூடவே ஒரு நெருடலும். சர்வர் விழுந்தால் நாங்கள் எழுதும் ரூட் காஸ் அறிக்கை மாதிரி இருக்கிறது. பல காரணங்கள் ஒன்றுசேர்ந்தன என்று எழுதிவிட்டால் யாருக்கும் வேலை போகாது.

வால்மீகியின் மண்டோதரி இப்படி விடுகிறவள் இல்லை. ஜனஸ்தானத்தில் கரன் செத்தபோதே இவன் சாதாரண மனிதன் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது, சமாதானம் பண்ணிக்கொள் என்று சொன்னேன், நீ கேட்கவில்லை என்கிறாள். பிறப்பிலும் அழகிலும் சீதை எனக்கு எந்த விதத்தில் உசத்தி என்று கேட்கிறாள். நேரடியான வாதம், கொஞ்சம் பொறாமை, கொஞ்சம் 'அன்னைக்கே சொன்னேனே'. சாவு வீட்டு வாடை அடிக்கிறது. அழுது மயங்கினவளைச் சக்களத்திகள் தூக்கி நிறுத்துகிறார்கள். அவள் உயிரோடு இருக்கிறாள்.

கம்பன் அவளை இராவணன் மார்பின்மேல் உயிர்விட வைத்தான். சிலம்பில் பாண்டியன் தேவி போனாளே, அந்த வழி. இராவணனுக்குப் பிறகு மண்டோதரியை என்ன செய்வது என்பது இராமாயணக்காரர்களுக்குச் சங்கடமான கேள்வி. விபீஷணனுக்குக் கட்டிவைத்த கதைகளும் உண்டு. கம்பன் சங்கடத்தைச் சாவால் தீர்த்துவிட்டான். கவிதைக்கு லாபம், மண்டோதரிக்கு நஷ்டம் என்பேன். கம்பன் அன்பர்கள் கோபிக்கலாம்.

வில்லிபுத்தூரார் இந்தக் கணக்கை வேறு மாதிரி போடுகிறார். வியாச பாரதத்தில் கர்ணன் தன் பிள்ளை என்ற உண்மையைப் போர் முடிந்து நீர்க்கடன் செய்யும்போதுதான் குந்தி வெளியிடுகிறாள். அதைக் கேட்ட தருமன், இனிப் பெண்களிடம் ரகசியம் தங்காமல் போகட்டும் என்று சபிக்கிறான். வில்லியிலோ கர்ணன் முன்னாடியே வரம் வாங்கி வைத்துக்கொள்கிறான்: நான் செத்தால் நீ வந்து மடியில் போட்டு, பால் கொடுத்து, என் மகன் என்று எல்லார் எதிரிலும் சொல்ல வேண்டும். உயிரோடு இருக்கையில் கிடைக்காத அங்கீகாரத்தை ஓர் அழுகையாக முன்பதிவு செய்கிறான். அவள் களத்துக்கு ஓடிவந்து அழும்போது பாண்டவர்கள் ஐந்து பேரும் நின்று கேட்கத்தான் வேண்டியிருக்கிறது. 1964ல் வந்த 'கர்ணன்' படம் இதைப் பெரிய கூட்டத்திடம் கொண்டுபோனது. அதற்கு வெகு முன்னாலிருந்தே வட மாவட்டங்களில் கருமாதிக்குக் கர்ண மோட்சம் கூத்து வைக்கும் வழக்கம் இருக்கிறது. சாவு நடந்த வீட்டின் முன்னால், அந்த வீட்டுப் பெண்கள் உட்கார்ந்திருக்க, பெரும்பாலும் பெண் வேஷம் கட்டிய ஆண்தான் அந்த அழுகையை அழுவார்.

இப்போது பல ஊர்களில் ஒப்பாரிக்குக் காசு கொடுத்து மைக் செட்டோடு ஆள் வரவழைக்கிறார்கள். குரல் நன்றாகவே இருக்கிறது, செத்தவர் பெயரை எழுதி வாங்கிப் பாட்டில் சேர்த்துக்கொள்கிறார்கள், வீடியோவும் எடுக்கிறார்கள். குழாய் ஸ்பீக்கரைத் தெருவைப் பார்த்துக் கட்டுகிறார்கள். உள்ளே பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்த வீட்டு மகள் ஏதோ சொல்லி அழுதுகொண்டிருப்பாள். இரண்டடி தள்ளி நிற்கும் தம்பிக்கு அது கேட்காது.