பெயர் சுட்டிய நன்றி

மேற்கோளுக்கு மூலம் காட்டுவதை நம் மாணவர் பலர் ஒரு சடங்காகவே கருதுகின்றனர். ஆய்வேடு முடியும் தறுவாயில் நூற்பட்டியலொன்றை விரைந்து தொகுத்து இணைத்துவிட்டால் கடமை தீர்ந்தது என எண்ணுகின்றனர். அச்சிறு குறிப்பு ஒரு நூலையே காக்க வல்லது என்பதை அறிய விழைவோர், மயிலை சீனி. வேங்கடசாமி 1959இல் வெளியிட்ட ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’ என்னும் ஆய்வைப் படித்தல் வேண்டும்.

நம் நந்தனத்திற்கு அண்மையிலுள்ள மயிலாப்பூரில் பிறந்த அவ்வறிஞர், இன்று கிட்டாத நூல்களைப் பொருள்வாரியாக வகுத்து, அவற்றை எவ்வுரையாசிரியர் குறிப்பிடுகிறார் எனக் காட்டிச் செல்கிறார். யாப்பருங்கல விருத்தியுரைகாரர் பெயர் சுட்டியிராவிடில், காக்கைபாடினியம், அவிநயம் முதலிய இலக்கண நூல்களைப் பற்றி நாம் அறிவது மிகச் சிறிதாகவே இருந்திருக்கும். முத்தொள்ளாயிரத்தின் நூற்றுக்கு மேற்பட்ட வெண்பாக்கள் நமக்குக் கிடைத்ததும், புறத்திரட்டைத் தொகுத்தவர் அவற்றின் நூற்பெயரைக் குறித்துவைத்ததனால் அன்றோ? திருச்சபை வரலாற்றிலும் இதற்குச் சான்றுண்டு. இரண்டாம் நூற்றாண்டினரான பப்பியாஸ் ஐந்து பகுதிகளாக எழுதிய நூல் மறைந்தது. மாற்கு, மத்தேயு நற்செய்திகள் பற்றிய அவருடைய கூற்றோ, யூசேபியுஸ் அவர் பெயருடன் எடுத்தெழுதியமையால் நிலைத்தது.

பெயர் சுட்டாமையின் விளைவையும் தமிழுலகம் கண்டுள்ளது. நச்சினார்க்கினியர் தம் உரையில் ‘என்றார் பிறரும்’ என்று மட்டும் சொல்லிப் பல வரிகளை எடுத்தாளுகிறார். தம் காலத்து மாணாக்கர் அறிவர் என்று நம்பினார் போலும். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், அவ்வரிகளின் மூலம் தேடி உழன்றதை ‘என் சரித்திரம்’ நூலில் விரித்துரைக்கிறார். சங்க நூல்களின் ஏடுகளைக் கண்ட பின்னரே பலவற்றின் பிறப்பிடம் தெளிவாயிற்று.

வேங்கடசாமியாரின் நூலில் நாம் பெரிதும் மதிப்பது அதன் நேர்மையை. தாம் காணாத நூலைக் கண்டதாக அவர் காட்டிக்கொள்வதில்லை. எவர் உரை வழியாகச் செய்தி வந்ததோ, அவ்வுரையையே சான்றாக நிறுத்துகிறார். இன்றைய ஆய்வேடுகள் பலவற்றில் குன்றிவருவது இப்பண்பே. ஒருவர் காட்டிய மேற்கோளை நகலெடுத்து, மூலநூலையே படித்ததுபோல் அடிக்குறிப்பிடுகின்றனர். முன்னவர் பக்க எண்ணைத் தவறவிட்டால் பின்வருவோர் அனைவரும் அதே பிழையைச் சுமக்கின்றனர்.

பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வகுத்த விதிகள், ஒப்புமை 10 விழுக்காட்டைக் கடவாதிருப்பின் தண்டனையில்லை என்றும், 60ஐக் கடப்பின் ஆய்வுப் பதிவே நீக்கப்படும் என்றும் கூறுகின்றன. கணிப்பொறி ஒத்த சொற்களை எண்ணிவிடும். படியாத நூலைப் படித்ததாகக் காட்டும் அடிக்குறிப்பை அது எவ்வாறு அறியும்? அதனை எழுதுபவரின் மனச்சான்றே அறியும்.

ஆகவே, நூலை விரிக்கும்போதே ஆசிரியர், பதிப்பு, ஆண்டு, பக்கம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளும் பழக்கத்தை மாணவர் கைக்கொள்ளல் நன்று. பிறர் வழி அறிந்ததைப் பிறர் வழி அறிந்ததாகவே எழுதட்டும். நாளை அம்மூலநூல் மறைந்துபோயினும், அதனைத் தேடி வருவோர்க்கு அக்குறிப்பே வழிகாட்டும்.